தலை மழித்தவன் மகள்

வழக்குக் கட்டின் மேலேயே இருந்த நிராகரிப்புக் கடிதம் மூன்று வரிதான். விண்ணப்பதாரரின் பெற்றோர் இலங்கை அகதிகளாகப் பதிவு செய்யப்பட்டவர்கள். எனவே அவர் இந்தியக் குடிமகள் அல்லர். எனவே கடவுச்சீட்டு வழங்க இயலாது. விண்ணப்பதாரர் 1994இல் திருச்சி மாவட்டத்து அகதிகள் முகாம் ஒன்றில் பிறந்தவர். நர்சிங் முடித்திருந்தார். வளைகுடாவில் வேலை தயாராக இருந்தது, கடவுச்சீட்டுதான் இல்லை.

"பொறந்ததும் படிச்சதும் இங்கதான் சார். இங்கயே இல்லைன்னுட்டா, நான் எந்த கவர்மென்ட்டுகிட்ட போய்க் கேக்குறது?" என்றார்.

முகாம் வழக்குகளில் நான் முதலில் கேட்கும் கேள்வியை இவரிடமும் கேட்டேன். அப்பா இலங்கையில் எந்தப் பகுதி? யாழ்ப்பாணமோ மன்னாரோ என்று பதில் வரும் என எதிர்பார்த்தேன். "வவுனியான்னுதான் கார்டுல இருக்கு சார். ஆனா அப்பா பொறந்தது பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துல" என்றார். அந்த ஒரு தகவலில் வழக்கின் திசையே மாறியது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் மலையகத் தமிழர் கதை நம் வக்கீல்களுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன கூலிகளின் வாரிசுகள் அவர்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948லேயே வந்த குடியுரிமைச் சட்டம், அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். கணக்கில் எடுத்துக்கொண்ட தலைகள் 9,75,000. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள்.

இந்தியக் குடியுரிமைக்கு மனுப்போட்டவர்களுக்குக் கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் பதிவுச் சான்று கொடுத்தது. சான்று கிடைத்த எல்லோரும் உடனே கப்பலேறிவிடவில்லை. சேமநலநிதிப் பணம் வரவில்லை, பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது என்று ஆயிரம் காரணம். இடையில் கலவரம் வந்தது. 1984இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. காகிதத்தில் இந்தியக் குடிமக்களாக இருந்தவர்களில் சிலர், பிற்பாடு உயிருக்குப் பயந்து படகேறி, ராமேஸ்வரம் கரையில் 'இலங்கை அகதி' என்று பதிவானார்கள்.

இவர் தாத்தாவும் அப்படிச் சான்று வாங்கியவராக இருந்தால்? குடியுரிமைச் சட்டம் 1955இன் 3வது பிரிவு பிறந்த தேதியை வைத்து ஆளைப் பிரிக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பொதுவாகக் குடிமகன்தான். அந்தத் தேதிமுதல் 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்திருந்தால், தாய் தந்தை இருவரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். என் கட்சிக்காரர் பிறந்தது 1994. தாத்தாவின் சான்றில் அவர் அப்பாவும் மைனர் பிள்ளையாகச் சேர்க்கப்பட்டிருந்தால், அப்பா இந்தியக் குடிமகன். அப்படியானால் இவரும் பிறந்த கணத்திலிருந்தே குடிமகள். யாரும் எதையும் புதிதாக வழங்க வேண்டியதில்லை.

ஆனால் சான்று கையில் இல்லை. அப்பா 2011இல் இறந்துவிட்டார். தாத்தா வவுனியாவிலேயே போய்விட்டார். இருந்தது அப்பாயி மட்டும்தான்.

முகாமின் பத்துக்குப் பத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தக் கிழவி சொன்னதைத்தான் நாங்கள் முதல் ஆவணமாக எழுதிக்கொண்டோம். தேதி எதுவும் அவருக்குத் தெரியாது. கங்காணி பெயர் தெரியும், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எத்தனையாவது காம்பிரா என்பது தெரியும், பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் நேரம் தெரியும். கண்டிக்குப் போய்க் குடும்பத்தோடு போட்டோ எடுத்ததும், "இந்தியா பாஸ்போட்டு கெடச்சிருச்சு" என்று புருஷன் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் தெரியும். 1977 கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தபோது டிரங்குப் பெட்டியை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வவுனியாவுக்கு ஓடிவந்தார்கள். 1990இல் படகில் வந்து இறங்கியபோது, எந்த ஊர் என்று கேட்டார்கள், வவுனியா என்றார்கள். அதற்கு முந்தைய ஊரை யாரும் கேட்கவில்லை.

கண்டிச்சீமைக்கும் முந்தைய ஊர் அப்பாயிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. முசிறி தாலுகாவில், காவிரிக்கு வடகரையில் ஒரு கிராமம். கருப்பு கோயில் குலசாமி. மாமனார் பெயர் இன்னது, புருஷனோடு பிறந்தவர்கள் இரண்டு பேர், இவர் நடுவில். கடைசியாக ஒன்று சொன்னார்: "ஊருக்கு வரப்போறோம், குடிசைக்கு எடம் பாத்து வையின்னு அண்ணனுக்குக் கடுதாசி போட்டாரு. பாஸ்போட்டு நம்பரெல்லாம் எழுதித்தான் போட்டாரு."

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டோம். எதிர்த்தரப்பான அரசின் வாதம் எளிமையானது, அதனால் பலமானதும்கூட. அப்போது நடைமுறையில் இருந்த 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் 9வது பிரிவின்படி, தான் வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிக்கும் சுமை அந்த ஆளையே சேரும். அகதி அட்டையில் தகப்பனே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பாட்டி சொல்வது கதை. தாத்தா பெயரும் இடிக்கிறது: ஊரில் 'சாமி' என்று முடிந்த பெயர், தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோலில் குறுகி 'ஆன்' என்று முடிந்திருந்தது, முகாம் பதிவேட்டில் மூன்றாவதாக ஒரு பெயர். நான் எதிர்ப்பக்கம் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

நீதிபதி மனுவைத் தள்ளவும் இல்லை, ஏற்கவும் இல்லை. ரிட்டில் சாட்சி விசாரிக்க முடியாது. எனவே மாவட்ட ஆட்சியர் விசாரித்து அறிக்கை தரட்டும் என்றார். விசாரணை கோட்டாட்சியரிடம் வந்தது. பூர்வீகத்தை நிரூபிக்க வேண்டும். வசதியுள்ளவர்களுக்கு இது ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு. எங்களுக்கு அடுத்த வாய்தா.

கிராமத்துக்குப் போனோம். தாத்தாவுடைய அண்ணன் மகன் இருந்தார். உறவு முறைக்கு என் கட்சிக்காரருக்குப் பெரியப்பா. கருப்பு கோயில் எதிரே ஓட்டு வீடு, பக்கத்தில் புதிதாக எழும்பும் மாடி வீடு. மோர் கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "சிலோனுக்குப் போனவங்க இந்த ஊருல நெறயப் பேரு. எங்க வகையறாவுல அப்படி யாரும் இல்லீங்க வக்கீலய்யா" என்று எழுந்துவிட்டார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது எனக்குக் கேட்டது.

திரும்பும் வழியில் என் குமாஸ்தா சொன்னார்: "சார், அவருக்கு இது குடியுரிமைக் கேஸ் இல்ல, பாகக் கேஸ்." அதில் உண்மை இருந்தது. இலங்கையிலிருந்து ஒரு பங்காளி மகள் வக்கீலோடு வந்து நின்றால், கிராமத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அப்படியென்றால் பிரிக்க ஏதோ சொத்து இருக்கிறது. சொத்து இருந்தால் பத்திரம் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெரியப்பாவின் தகப்பனார் பெயரைக் கொடுத்து, பழைய இன்டெக்ஸ் புத்தகங்களில் தேடச் சொல்லி மனுப்போட்டோம். 1975க்கு முந்தையது அப்போது கணினியில் வரவில்லை, கையால்தான் புரட்ட வேண்டியிருந்தது. கிடைத்தது 1958ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று. பெரியவருக்கு ஏ ஷெட்யூல், சின்னவருக்கு பி ஷெட்யூல். கடைசியில், வேறு மசியில் எழுதியதுபோலத் தனியாக ஒரு பத்தி: சகோதரர்களில் நடுவிலவர் ஜீவனத்துக்காகக் கண்டிச்சீமை போயிருப்பதாகவும், அவர் பாகமான சி ஷெட்யூல் புஞ்சை 62 சென்ட்டை அவர் வரும்வரை மூத்தவர் பராமரித்து ஒப்படைக்கக் கடவர் என்றும் கண்டிருந்தது. கீழே மூத்தவரின் கையெழுத்து, இளையவரின் கைநாட்டு.

சட்டப்படி இதன் மதிப்பு பெரிது. இறந்துபோனவர் குடும்ப உறவைப் பற்றிச் சொல்லிவைத்த கூற்று, தகராறு எழும்புவதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தால் சாட்சியமாக ஏற்கலாம் என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 32(5). 1958இல் யாருக்கும் எந்தத் தகராறும் இல்லை. தம்பிக்குப் பாகம் ஒதுக்கிவைத்த அண்ணன் யாரையும் ஏமாற்ற எழுதவில்லை.

ஆனால் பத்திரம் பாதி தூரம்தான் போகும். கண்டிச்சீமைக்குப் போன அந்தத் தம்பியும் முகாமில் இறந்தவரின் தகப்பனும் ஒரே ஆள்தான் என்று யார் சொல்வது? டி.என்.ஏ. பார்த்துவிடலாமே என்றார் ஜூனியர். தகப்பன் வழிப் பரம்பரையைக் காட்டும் ஒய் குரோமோசோம் பெண்ணிடம் இருக்காது. கட்சிக்காரரின் தம்பியைத்தான் சோதிக்க வேண்டும், பெரியப்பா சம்மதிக்கவும் வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, வழக்கமாக உத்தரவிடவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கௌதம் குண்டு வழக்கில் 1993லேயே சொல்லிவிட்டது.

எனக்குக் கைகொடுத்தது அதே சாட்சியச் சட்டத்தின் 50வது பிரிவு. ஒருவருக்கொருவர் என்ன உறவு என்ற கேள்வியில், விஷயம் தெரிந்த குடும்பத்தார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே சாட்சியம். தோல்கோவிந்த பரிச்சா வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. 'இவன் என் தம்பி மகன்' என்று வாயால் சொல்வது போதாது. தம்பி மகனாக வைத்து என்ன செய்தாய் என்பதுதான் கணக்கு. கல்யாணத்தில் எங்கே உட்காரவைத்தார்கள், சாவுக்கு யாரிடம் சொல்லியனுப்பினார்கள், யார் மொட்டை போட்டார்கள்.

இதைக் கட்சிக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "அப்பா ஒருதடவ மொட்டத்தலையோட முகாமுக்கு வந்தாரு சார். நான் சின்னப் புள்ள, பயந்து அழுதேன்."

முகாமிலிருந்து வெளியூர் போகிறவர் அனுமதி வாங்க வேண்டும். யார், எந்த ஊருக்கு, எதற்கு, எத்தனை நாள் என்று பதிவேட்டில் எழுதுவார்கள். ஆட்களைக் கண்காணிக்க வைத்த நோட்டு அது. விசாரணையில் அந்தப் பதிவேடுகளை வரவழைக்கக் கேட்டோம். கரையான் அரித்தது போக மிஞ்சியவற்றில் 1998ஆம் ஆண்டின் பக்கம் ஒன்றில் அவர் அப்பாவின் பெயர் இருந்தது. போகும் இடம்: அதே கிராமம். காரணம்: பெரியம்மா இறப்பு. நாள்: பதினாறு. ஒரு தேநீர்க் கறை, ஓர் இனிஷியல், அவ்வளவுதான். அரசாங்கமே தன் கையால் எழுதிவைத்த சாட்சியம். அதுவும் இந்த வழக்கை யாரும் கனவிலும் நினைக்காத காலத்தில்.

பத்திர நகலையும் பதிவேட்டு நகலையும் எடுத்துக்கொண்டு மறுபடி பெரியப்பா வீட்டுக்குப் போனோம். கைநாட்டுக்கு மேலிருந்த தகப்பனாரின் கையெழுத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு நேரடியாகவே பேரத்துக்கு வந்தார். "அந்தப் புஞ்சையிலதான் இந்த வீடே கட்டுறோம். புள்ளைய ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக்குடுக்கச் சொல்லுங்க. நான் எங்க வேணாலும் வந்து சாட்சி சொல்றேன்."

கட்சிக்காரர் உடனே தலையாட்டிவிட்டார். நான்தான் தடுத்தேன். சாட்சி சொல்வதற்கு முன் சாட்சிக்குச் சொத்து போனால், அது விலைக்கு வாங்கிய சாட்சியம். எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும். தவிர, அது தவறு. "எழுதுறதா இருந்தா கேஸ் முடிஞ்ச பிறகு, அவங்க இஷ்டம். இப்ப ஒரு கையெழுத்தும் கிடையாது" என்றேன். அவர் மறுபடியும், அப்படி யாரையும் தெரியாது என்று தொடங்கினார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்த அம்மா வந்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்க ஆத்தாளுக்குத் தலை மழிச்சானே, அவன் மகள இல்லைன்னு சொல்லாதீங்க. கருப்பு பாத்துக்கிட்டு இருக்கான்." அவ்வளவுதான். என்னுடைய 50வது பிரிவு வாதம் முழுவதையும் அந்த அம்மா இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கடிதம் அவர்கள் வீட்டு மரப்பெட்டியில், பழைய கிஸ்து ரசீதுகளோடு இருந்தது. 1973இல் பொகவந்தலாவையிலிருந்து போட்ட விமானத் தபால். யாரோ எழுதிக்கொடுத்த கையெழுத்து. மனைவி, மூன்று பிள்ளைகள் பெயர், வயது; குடியுரிமைச் சான்றின் எண்; குடிசைக்கு இடம். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால் அதன் உண்மைத்தன்மையை அனுமானிக்கலாம் என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 90வது பிரிவு. அண்ணனுக்கு வந்த கடிதம் அண்ணன் வீட்டில் இருப்பதைவிட உரிய இடம் எது?

விசாரணையில் அந்த அம்மாவும் சாட்சி சொன்னார், பெரியப்பாவும் சொன்னார். கட்சிக்காரரிடம் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த எழுத்தர் "சொந்த ஊர்?" என்றார். அவர் முகாமைச் சொன்னார், பிறகு பொகவந்தலாவை, பிறகு கிராமம். "ஏதாவது ஒண்ணு சொல்லும்மா, கட்டத்துல எடமில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு முகாமையே எழுதச் சொன்னார். கேஸுக்கு கிராமம்தான் நல்லது என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. பூர்வீகம் எது என்று கண்டுபிடித்துக் கொடுப்பது என் வேலை. அதில் எதைத் தன் ஊராக வைத்துக்கொள்வது என்பது அவர் பாடு.

கடிதத்தில் இருந்த சான்று எண்ணைக் கொடுத்த பிறகு, எதிர்த்தரப்பின் கைவசமிருந்த பழைய பதிவேடுகளிலேயே அந்தப் பதிவு கிடைத்தது. தாத்தா பெயர் செக்ரோலில் இருந்த 'ஆன்' வடிவத்தில். ஊர், தாலுகா, தகப்பன் பெயர் சரியாக. பிள்ளைகள் வரிசையில் மூன்றாவதாக என் கட்சிக்காரரின் அப்பா. கடைசி ஆயுதமாக இன்னொன்று வந்தது. தோட்ட வம்சாவளியினருக்கு 2003இல் இலங்கை தனிச்சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்ததே, அதோடு இவர் இலங்கையர் ஆகிவிடவில்லையா என்றார்கள். அது இலங்கையிலேயே நிலையாகக் குடியிருந்தவர்களுக்கான சட்டம். 2003இல் இவர் அப்பா நம் முகாமில் தலைக்கணக்குக்கு நின்றுகொண்டிருந்தார் என்று காட்டினோம். மனு அனுமதிக்கப்பட்டது. மனுதாரர் குடியுரிமைச் சட்டத்தின் 3(1)(பி) பிரிவின்படி பிறப்பால் இந்தியக் குடிமகள் என்பது உத்தரவின் சாரம்.

உத்தரவைப் படித்துக் காட்டியபோது அவர் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் பதில் உண்டு, ஆறுதல்தான் கிடையாது. "பொறப்பாலன்னா, அப்ப அப்பாவும் அகதி இல்லதானே சார்?" இல்லை. 1972, 73லிருந்தே அவர் இந்தியர். சொந்த நாட்டுக்குள் அனுமதி வாங்கிக்கொண்டு பெரியம்மா சாவுக்குப் போய்வந்த இந்தியர்.

நில விஷயத்தையும் விளக்கினேன். பராமரித்து ஒப்படைப்பதாகப் பத்திரத்தில் இருப்பதால், பன்னிரண்டு வருட அனுபவம் என்று சொல்லி அவர்கள் எளிதில் தப்ப முடியாது. வழக்குப் போட இடமிருக்கிறது. வேண்டாமென்றால் விடுதலைப் பத்திரம் எழுதலாம். அவர் இரண்டையும் மறுத்தார். "கேக்கவும் வேணாம், எழுதிக்குடுக்கவும் வேணாம் சார். தாத்தா பேரு அந்தப் பத்திரத்துல அப்படியே இருக்கட்டும்." எந்த வக்கீலும் இப்படி ஆலோசனை சொல்லமாட்டார். மறுப்புச் சொல்லவும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இந்த வழக்கை ஜூனியர்களுக்குச் சொல்லும்போது வெற்றிக்கதையாகச் சொல்வதில்லை. தேடிய பதிவு முதல் நாளிலிருந்தே எதிர்த்தரப்பின் அலமாரியில் இருந்தது. கைவசமுள்ள சாட்சியத்தை ஒருவர் காட்டாமல் வைத்துக்கொண்டால் அது அவருக்குப் பாதகமானது என்று அனுமானிக்க பழைய சாட்சியச் சட்டத்தின் 114வது பிரிவு சாதாரண வழக்கிலேயே இடம் கொடுத்தது. இங்கே மட்டும், தீயில் பெட்டியைப் பறிகொடுத்த குடும்பம் எண்ணைக் கொண்டுவந்தால்தான் அலமாரி திறக்கும். ஆகவே முகாமிலிருந்து யார் வந்தாலும் அகதி அட்டையோடு நிறுத்தாதீர்கள். தாத்தா இருந்த தோட்டம், குலசாமி, சாவுக்குப் போய்வந்த ஊர் வரை கேளுங்கள் என்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. என் கட்சிக்காரரின் தம்பி. அதே அப்பா, அதே தாத்தா, அதே சி ஷெட்யூல். ஆனால் பிறந்தது 2005. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்றால் போதாது. மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. அவர்கள் அம்மா படகில், கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர். அக்கா பிறப்பால் இந்தியர், தம்பி இல்லை. எத்தனை தலைமுறை பின்னால் போய்த் தோண்டினாலும் இந்த வித்தியாசத்துக்கு விடை கிடைக்காது. அது தாத்தாவிடம் இல்லை, காலண்டரில் இருக்கிறது.

அவனுக்காகக் குடியுரிமைச் சட்டம் 5வது பிரிவின் கீழ்ப் பதிவு கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். சட்டவிரோதக் குடியேறிக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது என்பார்கள். சட்டத்தின் 2(1)(பி) விளக்கமோ, உரிய ஆவணமின்றி இந்தியாவுக்குள் நுழைந்த, அல்லது ஆவணத்தோடு நுழைந்து அனுமதித்த காலம் தாண்டித் தங்கிய வெளிநாட்டவரைத்தான் அப்படிச் சொல்கிறது. அவன் எந்த எல்லையையும் தாண்டி நுழையவில்லை. திருச்சி அரசு மருத்துவமனையில் பிறந்தான். பிறந்தவனை நுழைந்தவன் என்று சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் மனுவின் முதல் பத்தி.